பன்னாடைப் பாயிரம்

‘பன்னாடை’ என்று ஒருமுறையாவது திட்டு வாங்காமல் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் நம்மில் குறைவு. இந்த வசைக்கு இலக்கணச் சான்றே உண்டு. 13-ஆம் நூற்றாண்டு நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணாக்கரை எட்டுப் பொருள்களோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கும் கடை. நெய்யரிதான் பன்னாடை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வதால் அதற்குக் கடைசி பெஞ்ச். மீன்தொட்டியைப் பொறுத்தவரை இத்தீர்ப்பு செல்லாது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக் களம்

எங்கள் வீட்டு ஹாலில் உள்ள தொட்டி. நீளம் 6 அடி, அகலம் 2, உயரம் 2. ஆக 24 கன அடி, ஏறத்தாழ 680 லிட்டர். மேல்விளிம்பில் விட்ட இடம், மணல், கல் எல்லாம் கழித்தால் 600 லிட்டர் தேறும். துணைக்களம், சென்னையில் வண்ணமீன் வாங்குவோர் போய்ச் சேரும் கொளத்தூர்.

கணக்கியல்

தொட்டித் தண்ணீர் முழுவதும் மணிக்கு நான்கிலிருந்து ஆறு முறை ஃபில்டருக்குள் போய்வர வேண்டும் என்பது மீன் வளர்ப்போர் வழக்கு. 600 லிட்டருக்கு அது 2,400 முதல் 3,600 லிட்டர். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண், பெரும்பாலும் உள்ளே பஞ்சு அடைக்காமல், தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்தது. பெண் பார்க்க வரும்போது மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளத்தைப் போல, பிடித்தம் போகாத தொகை. கையில் வருவது குறைவு என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

வகைப்பாடு

பவணந்தியாரின் அளவுகோலையே கொண்டு கடைச்சரக்கை வகுத்தோம்.

அன்னம்: கேனிஸ்டர். ஸ்டாண்டுக்குள் ஒளிந்திருந்து ஓசையின்றிப் பாலையும் நீரையும் பிரிக்கும். கண்ணில் படாததால் அதைக் கழுவும் நினைவும் வராது என்பதே குறை.

பசு: சம்ப். கீழே இன்னொரு தொட்டி வைத்து, தண்ணீரை அறை அறையாக விட்டு நிதானமாக அசைபோடுவது. பெரிய தொட்டிக்கு ஏற்றது. ஆனால் மேலிருந்து நீர் விழும் ஓசை கேட்டு, நடு இரவில் அம்மா எழுந்துவந்து, “யாருடா குழாயை மூடாம விட்டது?” என்பார். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊரில் இந்த ஓசையை இனிமை என்று யாரும் ஒப்பமாட்டார்கள்.

மண்: ஏர் பம்போடு இணைத்த ஸ்பான்ஜ். விலை மலிவு. உழுதவன் உழைப்புக்கேற்ப விளையும் நிலம்போல, பிழிந்தவன் கைக்கேற்ப வேலை செய்யும்.

கிளி: டாப் ஃபில்டர். வைத்த வெள்ளைப் பஞ்சு என்ன சொல்லிக்கொடுத்ததோ அதை மட்டும் திருப்பிச் சொல்லும்.

ஆடு: உள்ளே ஒட்டவைக்கும் சின்ன பவர் ஃபில்டர். ஆறடித் தொட்டியில் தன் மூலையை மட்டும் மேய்ந்துவிட்டு நிற்கும்.

எருமை: மணலடி ஃபில்டர். யாராவது கிளறிவிட்டால் குளம் கலங்கியது கலங்கியதுதான்.

இல்லிக்குடம் என்னும் ஓட்டைப்பானைக்கு, கரண்ட் போனதும் சம்பு நிரம்பி வழியும் வீடுகள் சான்று. பம்ப் நின்ற பிறகும் இறங்கிவரும் தண்ணீருக்குச் சம்பில் இடம் விடாதவர்கள் தரையைத் துடைக்கிறார்கள்.

மையக் கருதுகோள்

எட்டாவதான பன்னாடைக்கு வருவோம். மீன் வெளிவிடும் அம்மோனியாவின் பெரும்பங்கு கழிவாக விழுவதில்லை. செவுள் வழியே கரைகிறது. எந்தப் பஞ்சாலும் அதை வடிகட்ட முடியாது. அதைத் தின்னும் நுண்ணுயிர்களை 1890-இல் தனித்துப் பிரித்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட் ஆக்கும். வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் நைட்ரேட்டும் குறையும். இவ்வுயிர்கள் குடியிருப்பது ஸ்பான்ஜின் கண்களிலும் செராமிக் வளையத்தின் துளைகளிலும். புதுத்தொட்டியில் இவை குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஆகவே நாம் ஃபில்டர் வாங்குவது மீனுக்காக அன்று, இந்தக் குடித்தனக்காரர்களுக்காக.

இதை அறியாமல் ஆய்வாளர் ஒருமுறை ஸ்பான்ஜைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று அலசிப் பெருமையோடு மாட்டினார். அந்த வாரமே இரண்டு தங்கமீன்கள் மிதந்தன. சுத்தம் சோறு போடும் என்ற பழமொழி தொட்டிக்குள் செல்லாது.

கரண்ட் நெடுநேரம் போனாலும் இதே கதி. மூடிய கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து குடித்தனக்காரர்கள் செத்துப்போவார்கள். கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் கொட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

முடிவு

எது சிறந்தது என்று கொளத்தூர்க் கடைக்காரரைக் கேட்டோம். “சார், எதைத் தொறந்து கழுவுவீங்கன்னு சொல்லுங்க, அதைத் தரேன்” என்றார். இத்துறையில் இதைவிடச் சுருங்கிய சூத்திரம் கிடைக்கவில்லை.

அதன்படி ஆய்வு முடிவு: பெரிய தொட்டிக்கு ஒரு ஃபில்டரை மட்டும் நம்பாதீர்கள். கேனிஸ்டர் ஒன்று, கூடவே இரு முனையிலும் ஸ்பான்ஜ், அவற்றை ஓட்டும் ஏர் பம்புக்கு இன்வெர்ட்டர் இணைப்பு. ஒன்று நின்றால் மற்றது காக்கும். ஸ்பான்ஜைத் தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரிலேயே லேசாகப் பிழியுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பிழியாதீர்கள். பிழிந்த பிறகும் அது கொஞ்சம் பழுப்பாகத்தான் இருக்க வேண்டும். பன்னாடை அப்படித்தான் இருக்கும்.