1994-இல் கட்டிய பதினெட்டாம் நூற்றாண்டு

திருகோணமலை என்ற பெயரில் ஒரு போர்க்கப்பல் இருக்கிறது. ஆங்கிலேயர் வாயில் 'ட்ரிங்கோமலீ'. பிறந்தது பம்பாயில். உடம்பு மலபார்த் தேக்கு. கட்டியவர் வாடியா குடும்பத்துப் பார்சி, ஜம்ஷெட்ஜி பொமன்ஜி. உழைத்தது பிரிட்டிஷ் கடற்படைக்கு. ஓய்வெடுப்பது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹார்ட்டில்பூல் என்னும் துறைமுக ஊரில். ஆதார் கார்டு எடுக்கப் போனால் முகவரிக் கட்டத்தில் எதை எழுதுவதென்று பாவம் திணறிப்போகும்.

நியூகாசிலில் இருக்கும் என் நண்பருக்கு அந்தத் திணறலெல்லாம் இல்லை. அவர் திருகோணமலைக்காரர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். "உது எங்கட ஊர்க் கப்பல் தம்பி. வாருங்கோ, காட்டுறன்" என்று காரை எடுத்தார். டிக்கெட் கொடுக்கும் இடத்திலும் அதையே ஆங்கிலத்தில் சொன்னார். தான் திருகோணமலையில் பிறந்தவன் என்று அவர் அறிவித்ததைக் கேட்டு, உள்ளே இருந்த அம்மாள் உண்மையாகவே மகிழ்ந்தார். "லவ்லி!" என்றார். முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார்.

"சொந்தக் கப்பலைப் பார்க்கக் காசு குடுக்கிற ஒரே ஆள் நான்தான்" என்று அண்ணை உள்ளே வரும்வரை புலம்பிக்கொண்டு வந்தார்.

உள்ளே நுழைந்ததும் எந்தக் கேமராவுக்கும் வாயில் எச்சில் ஊறும். நடுவில் கப்பல் மிதக்கும் துறை. சுற்றிலும் கல் பாவிய கரை. கரையோரம் வரிசையாகப் பழங்கால வீடுகள், சின்னச் சின்னக் கண்ணாடி அடைத்த ஜன்னல்கள், தொங்கும் பெயர்ப்பலகைகள். தையல்காரர் கடை, துப்பாக்கி செய்பவர் கடை, வாள் செய்பவர் கடை. ஒவ்வொன்றிலும் அந்தக் கால உடையில் ஆளுயரப் பொம்மைகள். பதினெட்டாம் நூற்றாண்டின் துறைமுகத்தெரு ஒன்று ஒரு ஓட்டை உடைசல் இல்லாமல் அப்படியே நிற்கிறது.

அப்படியே நிற்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. இந்தத் தெருவைக் கட்டித் திறந்தது 1994-இல். கப்பல் தொழில் படுத்து, துறைகள் வெறிச்சோடிப் போன ஊருக்கு ஆள் வரவழைக்கக் கட்டியது. எங்கள் தெருமுனை அடுக்குமாடி அதைவிட மூத்தது. அதன் காரையும் பெயர்ந்திருக்கிறது.

கப்பலோ 1817 அக்டோபர் 12-இல் தண்ணீரில் இறங்கியது. ஐரோப்பாவில் இன்னும் மிதந்துகொண்டிருக்கும் போர்க்கப்பல்களில் இதுதான் வயதில் மூத்தது. நெல்சனுடைய 'விக்டரி' இன்னும் பழையதுதான், ஆனால் அது 1922 முதல் போர்ட்ஸ்மவுத்தில் உலர்துறையில் ஏறி உட்கார்ந்துவிட்டது, மிதப்பதில்லை. மரக்கப்பல் மிதக்க வேண்டுமானால் சந்து அடைக்க வேண்டும், தார் பூச வேண்டும், வண்ணம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே ட்ரிங்கோமலீ கறுப்பும் வெள்ளையுமாகப் பளபளவென்று, போன வாரம் ஷோரூமிலிருந்து எடுத்த மாதிரி நிற்கிறது. நிஜமான தாத்தா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு நிற்க, பேரப்பிள்ளைகள் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருக்கும் மாறுவேடப் போட்டி அது.

போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கப்பல், கரையோரத் தெரு, தையல்காரர் கடை எல்லாவற்றையும் குறிப்பு எதுவும் போடாமல் அனுப்பிவைத்தேன்.

முதலில் தெருவுக்கு வந்தது பாராட்டு. அத்திம்பேர் எழுதினார்: "கட்டடம்னா இது கட்டடம். சுண்ணாம்பும் கடுக்காயும் போட்டு அரைச்சுக் கட்டியிருப்பான். இப்ப எவன் கட்டறான்?" அவர் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரியம்மா தையல்காரரைப் பார்த்து உருகிப்போனாள்: "பாவம், இந்த வயசுலயும் கண்ணு வலிக்கத் தைக்கிறார். ஏதாவது குடுத்துட்டு வாடா." கப்பலைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது, சித்தப்பா மகனிடமிருந்து: "புதுசா? ஏசி உண்டா?"

அத்திம்பேரை நான் திருத்தவில்லை. நமக்கு இதில் பேச வாயில்லை. காரைக்குடி வீட்டை இடித்து, அதன் தேக்குத் தூணை நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் நிறுத்தி, அதன் பக்கத்தில் நின்று செல்பி எடுக்கும் கூட்டம் நாம். ஹார்ட்டில்பூல்காரர்கள் புதுசைப் பழசாகக் கட்டினாலும் பழசை உடைத்து அதைச் செய்யவில்லை.

கப்பலைப் படம் எடுப்பது தனிப் பாடு. மூன்று பாய்மரங்களும் சட்டகத்துக்குள் வர வேண்டுமானால் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் போனால் தையல்காரரின் சுவர் முதுகில் இடிக்கும். எதிர்க்கரைக்குப் போனால் இடமுண்டு. அங்கிருந்து எடுத்தால் கப்பலோடு கார் நிறுத்தமும், சொகுசுப் படகுகளும், புது அடுக்குமாடிகளும் சேர்ந்தே வரும். அகலக் கோணத்தில் பிடித்தாலோ பாய்மரங்கள் மூன்றும் உள்பக்கம் சாய்ந்து ரகசியம் பேசும். அண்ணைக்கு இந்த நுணுக்கங்களில் பொறுமை கிடையாது. "கப்பல் எங்கையும் ஓடிப்போகாது தம்பி. முதல்ல என்னை வடிவா எடுங்கோ" என்பார். ஆள் இல்லாத படம் அவருடைய கணக்கில் படமே இல்லை. கப்பலை மட்டும் பார்க்கவேண்டியவர்கள் கூகிளில் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. யோசித்துப் பார்த்தால் பதில் சொல்ல முடியவில்லை.

அவருக்கு வேண்டியிருந்தது முகப்புச் சிலையோடு ஒரு படம். கப்பலின் மூக்குக்கு அடியில் தண்ணீரைப் பார்த்தபடி நீட்டிக்கொண்டிருக்கிறது அது: தலைப்பாகையும் மீசையுமாக ஒரு கீழ்த்திசை மனிதர். அண்ணை அவரைக் கீழிருந்து மேலாக ஆராய்ந்தார்.

"இது ஆர்?"

"திருகோணமலைக்காரராம்."

"எங்கட ஊரில ஆர் தம்பி இப்பிடித் தலைப்பா கட்டுறது? நான் ஒருத்தரையும் கண்டதில்லை."

செதுக்கியவரும் கண்டிருக்க மாட்டார் என்றேன். கிழக்கே என்றால் தலைப்பாகை, அவ்வளவுதான் அவர் படித்த பூகோளம். அண்ணை சமாதானமாகவில்லை. இருந்தாலும் படம் எடுத்துக்கொண்டார். சிலை உயரத்தில், அவர் தரையில். கடைசியில் கிடைத்தது அண்ணையின் வழுக்கையும் சிலையின் மூக்குத்துவாரங்களும்.

கப்பலுக்குள் போன பிறகு அவருக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. பீரங்கித் தட்டில் நல்ல உயரமான ஆங்கிலேயர்கள் எல்லாரும் கோயில் மூலஸ்தானத்தில் நிற்பவர்களைப் போலக் குனிந்தே நடந்தார்கள். அண்ணை நிமிர்ந்து நடந்தார். உத்தரத்துக்கும் அவர் தலைக்கும் இடையில் நாலு விரற்கடை இருந்தது. "பார்த்தீங்களோ? எங்கட அளவுக்குத்தான் கட்டியிருக்கிறாங்கள்."

அவருக்குக் கதையும் வேண்டும். சொல்லிக்கொண்டே நடந்தேன். நெப்போலியனோடு சண்டை போட்டுப் போட்டு இங்கிலாந்தில் ஓக் மரம் தட்டுப்பாடாகிவிட்டது. பம்பாயிலோ தேக்கும் இருந்தது, அதை இழைக்கத் தெரிந்த கையும் இருந்தது. எனவே அங்கே கட்டச் சொல்லி உத்தரவு. அதற்கான வரைபடங்களை ஏற்றிக்கொண்டு 'ஜாவா' என்ற கப்பல் புறப்பட்டது. 1812 டிசம்பர் 29-இல் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கரின் 'கான்ஸ்டிடியூஷன்' அதை மடக்கி அடித்து நொறுக்கியது. வரைபடம் கடலோடு போயிற்று. மறுபடி ஒரு பிரதி எடுத்து வேறொரு கப்பலில் அனுப்பினார்கள். அந்தக் 'கான்ஸ்டிடியூஷன்' இன்றும் பாஸ்டனில் மிதக்கிறது. அதையும் ஒரு கூட்டம் தினமும் படம் எடுக்கிறது.

1816-இல் அடிமரம் வைத்தபோது பார்சிகளின் முறைப்படி ஒரு வெள்ளி ஆணி அடித்தார்கள். இந்த இடத்தில் அண்ணை நின்றுவிட்டார்.

"வெள்ளியோ?"

"வெள்ளிதான். கப்பலுக்கு நல்லதாம்."

"இப்ப வெள்ளி விற்கிற விலைக்கு..." என்று படிக்கட்டு வழியாக அடித்தளத்தை எட்டிப் பார்த்தார். இதுவும் ஊர்ச் சொத்து என்ற எண்ணம் வந்துவிட்டது.

கப்பல் கட்டி முடிந்தபோது, யாரை அடிக்கக் கட்டினார்களோ அந்த நெப்போலியன் செயின்ட் ஹெலீனா தீவில் கைதியாக உட்கார்ந்து இரண்டு வருடமாகியிருந்தது. 1819-இல் போர்ட்ஸ்மவுத் வந்து சேர்ந்த கப்பலைப் பார்த்து, இப்போதைக்கு வேலை இல்லை, கூப்பிடும்போது வா என்று ஓரமாகக் கட்டிவைத்துவிட்டார்கள். முதல் வேலைக்குப் புறப்பட்டது 1847-இல். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்த நம் ஆட்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். அப்புறமும் மேற்கிந்தியத் தீவு, பசிபிக் என்று ரோந்துதான். பெரிய போர் எதையும் பார்க்கவில்லை. இன்று முழுசாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

"அது சரி, எங்கட ஊர்ப் பெயர் ஏன்?"

1782 செப்டம்பரில் திருகோணமலைக்கு வெளியே கடலில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த சண்டையின் நினைவாக. அதற்குச் சில நாள் முன்புதான் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்திருந்தார்கள். சண்டையில் யாருக்கும் வெற்றி இல்லை. ஊர் பிரெஞ்சுக்காரரிடமே இருந்தது.

அண்ணை கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப பிடிக்க ஏலாமப் போன ஊரின்ர பெயரையோ வைச்சிருக்கிறாங்கள்?" என்றார். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

பக்கத்திலேயே 'விங்ஃபீல்ட் காசில்' என்று ஒரு துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல். 1934-இல் இதே ஊரில் கட்டியது. ஹம்பர் ஆற்றில் ஆள் ஏற்றி இறக்கியது. அதனுடன் பிறந்தது ஒன்று லண்டனில் தேம்ஸ் ஆற்றின்மேல் மதுக்கடையாக நன்றாகச் சம்பாதிக்கிறது. இங்கே இந்த மண்ணின் பிள்ளை இதுதான். அதைப் படம் எடுக்க ஒருவரும் நிற்கவில்லை. நானும் ஒன்று எடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

பொம்மைக் குரங்கு இல்லாமல் இந்த ஊரில் ஞாபகப் பொருள் கிடையாது. காரணம் ஒரு கதை. நெப்போலியன் போர்க்காலத்தில் கரைக்கருகே ஒரு பிரெஞ்சுக் கப்பல் உடைந்ததாம். தப்பிக் கரையேறியது ஒரே ஒரு குரங்கு. கப்பல்காரர்கள் வேடிக்கைக்காக அதற்குப் படைச்சீருடை போட்டிருந்தார்கள். ஊர் மீனவர்கள் பிரெஞ்சுக்காரனையும் பார்த்ததில்லை, குரங்கையும் பார்த்ததில்லை. விசாரித்தார்கள். அது சொன்னது யாருக்கும் புரியவில்லை. பிரெஞ்சாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, ஒற்றன் எனத் தீர்ப்பளித்துத் தூக்கில் போட்டுவிட்டார்கள். நடந்ததற்குச் சான்று இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி செய்யச் சான்று தேவையும் இல்லை. ஊரே அந்தக் கேலியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டுவிட்டது. கால்பந்து அணியின் அடையாள வேடமே குரங்குதான். அந்த வேடத்துக்குள் இருந்த ஸ்டூவர்ட் டிரம்மண்ட் 2002-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்ற வாக்குறுதியோடு மேயர் தேர்தலில் நின்றார். ஜெயித்தார். பிறகு 2005, 2009 என்று இன்னும் இரண்டு முறை. இலவசம் சொல்லி ஜெயிப்பதை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று இருந்தேன். அதற்கும் பங்காளி இருக்கிறார்.

நிஜமான பழைய ஊர் கப்பல் நிற்கும் துறையிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடலுக்குள் நீண்ட ஹெட்லாண்ட் முனையில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஹில்டா என்ற துறவி மடத்தலைவியாக இருந்த இடம். அவர் பெயரில் எண்ணூறு ஆண்டுப் பழைய தேவாலயம், முட்டுக்கொடுத்த கனத்த கோபுரத்தோடு. எழுப்பியது புரூஸ் குடும்பம். பின்னால் ஸ்காட்லாந்து அரசனான ராபர்ட் புரூஸின் முன்னோர். இடைக்கால மதில் ஒன்றும் மிச்சமிருக்கிறது. அதிலுள்ள வளைவு வாசல் வழியாகப் பிள்ளைகள் ஐஸ்கிரீமோடு கடற்கரைக்கு ஓடினார்கள். பழமைக்கு இங்கே யாரும் வேடம் போடவில்லை. கோபுரத்தோடு கார்களும் சேர்ந்து வரும். கடலை எடுத்தால் காற்றாலைகள். கோபுரத்தின் படத்தை அத்திம்பேருக்கு அனுப்பினேன். "பச்சைக் குப்பைத்தொட்டி நல்ல கெட்டியா இருக்கு. நம்ம கார்ப்பரேஷன்லயும் இப்படிக் குடுக்கலாம்" என்று பதில் வந்தது.

முனையில் ஹ்யூ பீரங்கி அரண். 1914 டிசம்பர் 16 காலையில் மூன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் வந்து இந்த ஊரைச் சுட்டன. நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் வீட்டில் இருந்தவர்கள். பலகையை வாசித்துவிட்டு அண்ணை சொன்னார்: "எங்கட ஊரிலயும் நாப்பத்திரண்டில ஜப்பான்காரன் குண்டு போட்டவன். அம்மா சொல்லுவா." அங்கே மட்டும் அவர் தன்னைப் படம் எடுக்கச் சொல்லவில்லை.

பிறகு கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரோல்ஸைப் பிரித்தோம். கடற்காக்கைகள் வட்டமிட்டன. கடைசியாக ஒன்று பாக்கியிருந்தது, அதைச் சொன்னேன். ட்ரிங்கோமலீயின் வரைபடம் ஆங்கிலேயர் சொந்தமாகப் போட்டதல்ல. 1782-இல் பிரெஞ்சுக்காரரிடம் பிடித்த 'ஹெபே' என்ற கப்பலை அளந்து, அதைப் பார்த்துப் போட்டது. போதாததற்கு, 1897-இல் உடைக்க விற்ற கப்பலை வீட்லி காப் என்ற செல்வந்தர் வாங்கிப் பயிற்சிக் கப்பலாக்கினார். அதே வருடம் பிளாக்பூல் கரையில் உடைந்துபோன தன் பழைய கப்பலின் பெயரையே இதற்கும் வைத்தார்: 'ஃபூத்ராயான்'. சுத்தப் பிரெஞ்சு. 1987-இல் பழுதுபார்க்க இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோதும் அதற்கு அந்தப் பெயர்தான். பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது 1992-இல்.

அண்ணை மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "அப்ப பிரெஞ்சு உடம்போட, பிரெஞ்சுப் பெயரோட இந்த ஊருக்குள்ள வந்திருக்குது."

"ஆமாம்."

சுற்றுமுற்றும் பார்த்தார். இரண்டு பெஞ்ச் தள்ளி உள்ளூர்ப் பெரியவர்கள் சிலர் மீன்பொரியல் தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

"இவங்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தம்பி."