‘லைட்டா’ என்னும் உரிச்சொல்: ஒரு நுண்ணாய்வு

மிகுதிப் பொருளுக்கு உறு, தவ, நனி என மூன்று சொற்களைத் தந்த தொல்காப்பிய உரியியல், ‘லைட்டா’ பற்றி வாய் திறக்கவில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை. (இத்துறையில் இதுவே முதல் ஆய்வு. எல்லா ஆய்வும் இப்படித்தான் தொடங்கும்.)

அ. மழை. ‘லைட்டா தூறுது’ என்றால் குடை வேண்டாம் என்பது பொருள். நனைந்தவர்கள் இதை ஏற்பதில்லை.

ஆ. வாகனம். ‘லைட்டா உரசிடுச்சு’ என்பது இரவல் வாங்கி ஓட்டியவர் பாடம். ‘பம்பர் எங்கடா?’ என்பது உரிமையாளர் பாடம்.

இ. உடல்நலம். மேலே மழை காண்க.

ஈ. இரவு உணவு. ‘நைட்டுக்கு லைட்டா ஏதாவது போதும்’ என்னுமிடத்து இச்சொல் எடையைக் குறிக்காது, சோறின்மையைக் குறிக்கும். ஆறு தோசை லைட். ஒரு கரண்டி சோறு ஹெவி. இட்லியிலும் அரிசி உண்டே எனின், உண்டு. ஆயினும் அது உளுந்தோடு புணர்ந்து, புளித்து, அவிந்து, திரிதல் விகாரம் எய்திவிட்டது. வெண்பொங்கலிலோ அரிசியும் பாசிப்பருப்பும் இயல்பாகப் புணர்ந்து நிற்கின்றன, ஆகவே ஹெவி. பரோட்டாவில் அரிசியே இல்லாமையால் நான்கு பரோட்டாவும் சால்னாவும் விதிப்படி லைட். மறுக்கும் மருத்துவர்கள் இலக்கணம் பயிலாதவர்கள். (டீக்கடை பெஞ்சு, சுவரோரம், மேற்படி பெஞ்சு, கால் ஆடும் முனை, மேற்படி முனையில் பஜ்ஜி மடித்த நாளிதழ், எண்ணெய் ஊறாத பத்தி, வடை மடித்த பிரதியோடு ஒப்புநோக்கியது.)

அரிசி உப்புமாவில்தான் சிக்கல். அரிசி உடைந்திருக்கிறது, ஆனால் திரியவில்லை. லைட் என்பாரும் ஹெவி என்பாரும் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டியே பதவி உயர்வு பெற்றுவிட்டதால், சர்ச்சையை முடிக்க இருவருக்கும் விருப்பமில்லை.

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர் (குறள் 475, வலியறிதல்). அவர் சுட்டியது இரவு டிபனையே என்பது என் துணிபு. பரிமேலழகர் இப்பொருள் கொள்ளவில்லை. அவர் ராத்திரி என்ன சாப்பிட்டார் என்பதற்குச் சான்று கிடைக்காமையால் காரணம் ஆராய இயலவில்லை.

உ. தாமதம். இப்பகுதியை எழுத வேண்டிய இணையாசிரியர் காலையிலேயே போன் செய்தார். லைட்டா லேட்டாகுமாம். அச்சுக்குப் போகும்வரை வந்து சேரவில்லை.