மழைக்கு முன், மழைக்குப் பின்

மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்து ஆறே மாதம். ஐப்பசி மழைக்கு ஹாலில் மூன்று இடத்தில் பாத்திரம் வைத்திருக்கிறோம். கான்ட்ராக்டரைக் கேட்டால், "இந்த வருஷம் மழை ஜாஸ்தி சார்" என்கிறார்! - ஒரு வாசகர், தாம்பரம்

வெயிலுக்கா வாட்டர்ப்ரூஃபிங் போட்டீர்கள் என்று கேளுங்கள்!

ஆத்திரத்தில் வேறு ஆளை விட்டுக் கொத்திவிடாதீர்கள். உங்கள் முதல் சாட்சியே அந்த ஒழுகும் மாடிதான். மழை விட்டதும் வடிகுழாய் வாயை அடைத்து, மாடியில் ஓர் அங்குலம் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் தேக்குங்கள். கீழே சீலிங்கில் ஈரம் படர்ந்தால் பழி மழை மேல் இல்லை. தேதியோடு படமெடுத்து, 15 நாள் கெடு வைத்துப் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். மசியவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

பணத்தைக் கையில்தான் கொடுத்தேன், ரசீது இல்லையே? - அதே வாசகர்

கையெழுத்து இல்லாவிட்டால் என்ன, கைப்பேசி இருக்கிறதே! "அட்வான்ஸ் வந்துச்சு சார், நாளைக்கு ஆள் வரும்" என்ற வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். ஆலோசனைக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.