கொல்லைக்குப் பத்தடி

சென்னை அண்ணா நகரில் ஒரு தனி வீட்டை இடிக்க ஆள் வந்தால், முதல் வெட்டு மாமரத்துக்குத்தான். ஜேசிபி உள்ளே வரவும் லாரி திரும்பவும் இடம் வேண்டும் என்பார்கள். சுவர்களுக்கு அதற்குப் பிறகும் சில நாள் ஆயுள் உண்டு.

நடுவக்கரைக் கிராமமாக இருந்த மண் இது. 1968இல் இங்கே உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தது. டவர் பார்க்கில் நிற்கும் கோபுரம் அதற்காகக் கட்டியது. வீட்டு வசதி வாரியம் பிரித்துக் கொடுத்த மனைகளில் எங்களுடையது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. அதில் பாதியில்தான் அப்பா வீடு கட்டினார். வாசலில் வேம்பும் பவழமல்லியும். கொல்லையில் கிணறு, துவைக்கிற கல், முருங்கை, தென்னை, ஒட்டு மா. துவைத்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்குப் போகும். கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கியவர் எங்கள் தெருவில் இல்லை. “அக்கா, ரெண்டு ஈர்க்கு ஒடிச்சுக்கறேன்” என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே குரல் வரும். பதிலுக்குக் காத்திராமல் கையும் வரும். மொட்டை மாடியில் பகலெல்லாம் வடாம் காயும், ராத்திரி அங்கேயே பாய் விரியும். கரண்ட் போனால் தெருவே வாசலுக்கு வந்துவிடும்.

சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்களும் பெருங்கொன்றைகளும்தான் இந்தப் பகுதிக்குப் பசுமை என்ற பெயரை வாங்கித் தந்தன. வெயிலைத் தாங்கியதென்னவோ மதிலுக்குள் நின்ற மரங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாலை மரங்களைச் சாய்த்தபோது ஊரே பதறியது. புதுக் கன்றுகள் நட்டார்கள். மதிலுக்குள் நிற்பவை ஒவ்வொன்றாகப் போகின்றன. அது யாருக்கும் செய்தியில்லை.

வீட்டைக் கொடுப்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்பா கட்டிய வீடு ஒன்று, பிள்ளைகள் மூன்று பேர். இடித்துக் கட்டினால் ஆளுக்கொரு ஃபிளாட். முழங்கால் தேய்ந்த அம்மாவுக்கு லிஃப்ட். 2019 கட்டிட விதிகள், மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தின. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் நான்கு குடும்பங்கள் தாராளமாக இருக்கலாம். பெருகும் நகரத்துக்கு அது தேவை.

என் மனம் ஏற்காதது, மண்ணை மூடுவதுதான். விதிப்படி சுற்றிலும் காலி இடம் விடுகிறார்கள். அதில் ஒரு மூலையில் சம்ப், இன்னொரு மூலையில் ஜெனரேட்டர், மீதி முழுக்க மதிலிலிருந்து மதில்வரை பேவர் பிளாக். துளசி வைக்கக்கூடத் தொட்டி வாங்க வேண்டும். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நல்ல சட்டம், எங்கள் கிணற்றில் நீர் ஏறியதைக் கண்ணால் பார்த்தோம். அது குழாயில் இறங்கும் மாடித் தண்ணீரைக் காப்பாற்றுகிறது. பேவர் பிளாக்கில் விழும் மழை தெருவுக்கு ஓடிவிடுகிறது. 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டபோது, அதே தெருவில்தான் லாரித் தண்ணீருக்கு வரிசை நின்றது.

எங்கள் பின்னறையில் சித்திரை மாதத்திலும் மின்விசிறியே போதுமாக இருந்தது. இப்போது பக்கத்துக் கட்டிடத்தின் ஏசி பெட்டிகள் அந்த ஜன்னலைப் பார்த்து அனல் ஊதுகின்றன. முனை வீட்டு வேம்பு மதில் தாண்டித் தந்த நிழலில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர், மரம் போன பிறகு தார்ப்பாய் கட்டிக்கொண்டு நிற்கிறார். கையில் கரிப்பெட்டி, தலைக்கு மேல் பிளாஸ்டிக். அவருக்கு எந்த ஒப்பந்தத்திலும் பங்கில்லை.

இன்னும் தனி வீடு வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பில்டரோடு ஜாயின்ட் வென்ச்சர் போடும்போது டைல்ஸ் எது, குழாய் எது, சுவிட்ச் எது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: பின்பக்கம் பத்தடி மண்ணில் சிமென்ட் படக்கூடாது, அங்கே நிற்கும் மரத்தைத் தொடக்கூடாது. வரைபடம் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்போது சொன்னால் தூணைத் தள்ளிப் போடலாம். அஸ்திவாரம் தோண்டிய பிறகு முடியாது.