கழுத்துக்குக் கீழே மொட்டை

வாய்யா பேராண்டி. நீ அனுப்புன வீடியோவைப் பாத்தேன். உன் சாம்பல் கிளிக்குத் தலையில இறகு அப்படியே இருக்கு, நெஞ்சு மட்டும் கறிக்கடைக் கோழி. அலகு எட்டாத இடம் தலை ஒண்ணுதான். தலையும் சொட்டையா இருந்தா நோய், இல்லேன்னா சோடி வேலைன்னு சந்தேகப்படலாம். இங்க களவாணி வெளியாள் இல்லடா.

ஆப்பிரிக்கக் காட்டுல கூட்டங்கூட்டமாத் திரியிற சாதி அது. காட்டுல பிடிச்சு நாடு விட்டு நாடு விக்கக் கூடாதுன்னு 2016-ல உலக நாடுகளே கூடி முடிவெடுத்துச்சு. நீ என்னடான்னா பால்கனியில ஒத்தையில அடைச்சுட்டு, ராத்திரி பத்து மணிக்கு வந்து "ஹலோ சொல்லு"ங்கிறே. பாவம், உன்னைக் கடிக்க வேண்டியது தன்னைக் கடிச்சுக்கிடுது.

இதுல ஒரு கூத்தைக் கவனிச்சியா? அது இறகைப் பிடுங்குனதும் "ஐயோ கண்ணு"ன்னு ஓடுறே. சும்மா இருந்தா ஏறெடுத்தும் பாக்க மாட்டே. நீ கிளியைப் பழக்குறதா நெனச்சுக்கிட்டிருக்கே. அது உன்னைப் பழக்கி முடிச்சாச்சு! பிடுங்கும்போது கண்டுக்காத. அமைதியா வெளையாடும்போது போய்ப் பேசு. பனையோலை, தேங்கா மட்டை, மக்காச்சோளக் கதிருன்னு எதையாவது குடு, கிழிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும். தீனியையும் ஒளிச்சு வை, தேடித் தின்னட்டும். ராத்திரி பத்துப் பன்னெண்டு மணி நேரம் இருட்டுல தூங்கணும். உங்காத்தா பாக்குற சீரியல் அதுக்கு எதுக்கு?

சூரியகாந்தி விதையே சாப்பாடுன்னா வைட்டமின் ஏ கொறஞ்சு தோலு கெட்டுப்போகும். முருங்கைக்கீரை, கேரட், பூசணி போடு. அவகாடோ மட்டும் ஆகாது, நஞ்சு. காலையில வெறுந்தண்ணியைப் புகையாத் தெளிச்சு விடு. உங்கத்தை சொல்ற வேப்பெண்ணெய் வைத்தியத்தை உங்கத்தை தலையிலயே வச்சுக்கச் சொல்லு. எண்ணெய் பட்டா இறகு பிசுபிசுத்து, கோதிக் கோதி இன்னும் புண்ணாக்கும்.

ரத்தம் கண்டாச்சுன்னா என் பேச்சை விடு, பறவை பாக்குற டாக்டர்கிட்ட ஓடு. கழுத்துப்பட்டை போடுறதா வேண்டாமான்னு அவரு சொல்லட்டும். பட்டை அலகைத்தான் தடுக்கும், ஏக்கத்தைத் தடுக்காது. நீயா அட்டையை வெட்டி மாட்டுனா மூச்சு முட்டிரும். கூண்டையும் போட்டோ எடுத்துட்டுப் போ, கம்பியில பூசுன துத்தநாகத்தைக் கொறிச்சாலும் உடம்புல விஷம் ஏறும். ரொம்ப நாள் பிடுங்குன எடத்துல இறகு திரும்ப மொளைக்காமலும் போகும், சீக்கிரம் கிளம்பு.

வீட்டு வழக்கம் எல்லாத்தையும் அவருகிட்ட மறைக்காம சொல்லு. புகை பட்டாலும் அதுக்குத் தோலு எரியும். பால்கனியில நீ ஊதுறதையும் சேத்துச் சொல்லணும். உங்கப்பன் கூட வந்தான்னா, அதை மட்டும் டாக்டர் காதோட சொல்லு.