பனமலையாற்றுப்படை

பரிசில் பெற்று மீளும் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவரை இடைவழியில் கண்டு, தாம் சென்று வந்த வள்ளலின் ஊருக்கு எப்படிப் போவது, வழியில் எங்கே என்ன சோறு கிடைக்கும், போய்ச் சேர்ந்தபின் எப்படி நடந்துகொள்வது என்றெல்லாம் எடுத்துரைக்கும் நூல்வகைக்கு ஆற்றுப்படை என்று பெயர். ஆறு என்றால் வழி. பாணருக்கும் பொருநருக்கும் கூத்தருக்கும் ஆற்றுப்படை பாடிய தமிழ், ஆண்மீது காதல்கொள்ளும் ஆணுக்கு, அதாவது இன்று தன்பாலீர்ப்பாளர் எனப்படுபவருக்கு, அப்படி ஒன்றைப் பாடவில்லை. செஞ்சிப் பக்கத்துப் பனமலையிலிருந்து சென்னைக்குப் பிழைக்கப் போகும் அத்தகைய இளைஞர் ஒருவரை முன்னிறுத்தி அக்குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் வள்ளல் எவரும் இல்லை. யாரும் எதையும் கேட்காமல் விட்டுவிடுவதே பெருநகரம் வழங்கும் பரிசில்.

அதன் அருமை விளங்கப் பனமலையை அறிய வேண்டும். பெயரே சொல்வதுபோல இது பனை நின்ற மலை. குன்றின்மேல் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலின் பெயரிலுள்ள ‘தாளம்’ என்ற வடசொல்லும் பனையையே குறிக்கும். அக்கோயிற் சுவரில், குடைநிழலில் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்றபடி சிவனின் ஆடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் உமையின் ஓவியம் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாகப் பார்வையை விலக்கவில்லை. ஊர்த் திண்ணைகளும், யார் வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று கவனிப்பதில், அம்மரபை ஆர்வத்தோடு காத்துவருகின்றன. பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. முன்னதை அலகுப்பனை என்றும் பின்னதைப் பருவப்பனை என்றும் வழங்குவர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்து பாளை விடும்வரை எது எதுவென்று எவராலும் சொல்ல இயலாது. மரம் தன் இயல்பைத் தானே காட்டட்டும் என்று அவ்வளவு காலம் பொறுத்திருக்கும் ஊர், வீட்டுப் பிள்ளைக்கு இருபத்தாறு நிரம்பியதும் பொறுமையிழந்து ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுகிறது.

இவ்வட்டாரம் விவரம் அறியாதது என்று கருதுவதும் தவறு. திரௌபதி அம்மன் வழிபாட்டின் தலைநிலமாகிய செஞ்சிச் சீமையில், பாஞ்சாலி வேடமிட்ட ஆண் விடியவிடியத் தெருக்கூத்து ஆடுவதைப் பாயும் தலையணையுமாக வந்து பார்க்காதவர் குறைவு. சற்றுத் தெற்கே கூவாகத்தில், சித்திரைதோறும் திருநங்கையர் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதை அறுக்கும் விழாவுக்கும் இவ்வட்டாரத்தார் திரளாகப் போவதுண்டு. செஞ்சியை ஆண்டு 1714-இல் போரில் மடிந்த தேசிங்கு ராஜனின் கதைப்பாடலிலோ, தோழன் மகமத்கான் தன் திருமணத்தையே விட்டெழுந்து நண்பனுக்காகப் போர்க்களம் புகுகிறான். அது நட்பு, அதை வேறொன்றாகத் திரித்துரைக்க இக்கட்டுரை முனையவில்லை. நண்பன் அழைத்தான் என்ற காரணத்துக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட இச்சீமையில் முன்னுதாரணம் உண்டு என்பதை மட்டும், பெண் பார்க்கும் நாளில் சொல்லிக்கொள்ள உதவும் என்று, இளைஞருக்கு நினைவூட்டுகிறது.

இனி வழி. செஞ்சியில் பேருந்து ஏறினால், சிறுபாணாற்றுப்படை பாடும் கிடங்கில் அடங்கிய திண்டிவனத்தைக் கடந்து சென்னைப் புறநகரான கிளாம்பாக்கத்தில் இறங்கலாம். பண்டைப் பாணருக்கு வழியெல்லாம் விருந்து கிடைத்தது. இவர் அம்மா கட்டிக் கொடுத்த வறுத்த மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, நிறைவு கொள்ள வேண்டும்.

அடுத்தது வீடு. சென்னையில் வீட்டுத் தரகரின் அகராதியில் மனிதர் இரு வகையினர்: ‘ஃபேமிலி’, ‘பேச்சிலர்’. முன்னவருக்கு வீடும் பின்னவருக்கு நிபந்தனைகளும் கிடைக்கும். “பொம்பளைங்க யாரும் வரக்கூடாது தம்பி” என்பது அவற்றுள் தலையாயது. மற்ற பேச்சிலர்களைத் திணறடிக்கும் அந்நிபந்தனையைப் பனமலைக்காரர் ஆண்டுக்கணக்காக ஒருமுறையும் மீறாமல் காத்து, தெருவிலேயே ஒழுக்கமான பிள்ளை என்று பெயரெடுக்கிறார். உடன் வசிப்பவரைக் குறிக்க ‘ரூம்மேட்’ என்ற சொல் இருக்கிறது. வாடகையில் பாதி தருபவர் முதல் உயிரில் பாதியானவர் வரை அனைவரையும் தாங்கும் இச்சொல்லுக்கு நிகரான பொருள்விரிவுடைய சொல் தமிழில் அரிது.

துணை தேடலுக்குச் செயலிகள் உண்டு. 2009-இல் அமெரிக்காவில் தொடங்கிய கிரைண்டர் என்பது, அருகிலிருக்கும் ஆண்கள் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்கள் என்று கைப்பேசியில் காட்டுவது. ஊரில் பல கிலோமீட்டர் என்று காட்டிய அது இங்கே மீட்டர்க் கணக்குக்கு இறங்கும்போது ஏற்படும் வியப்பே நகரவாழ்வின் முதல் இன்பம். மகன் கிரைண்டர் வைத்திருக்கிறான் என்று எப்படியோ கேள்விப்படும் தாய், கடை மாவு வாங்காமல் தானே அரைக்கிறான் என்று மகிழ்வார். அம்மகிழ்ச்சியைக் கெடுப்பது அறமன்று. போலி முகத்தோடு வந்து மிரட்டிப் பணம் பறிப்போரும் அங்கே உலவுவதால், முதற்சந்திப்பைப் பெசன்ட் நகர்க் கடற்கரை போன்ற ஆள்நடமாட்டமுள்ள இடத்தில் வைத்துக்கொள்வது நன்று. ஆள் சரியில்லை என்றாலும் சுண்டலாவது மிஞ்சும்.

சட்டத்தையும் அறிந்துவைத்திருக்க வேண்டும். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை 2009-இல் தில்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. 2018 செப்டம்பர் 6 அன்று அந்நீதிமன்றமே, வயதுவந்தோரின் இசைவான உறவு குற்றமன்று என்றது. ஆக, பனமலைக்காரர் படுத்த பாயை விட்டு எழாமலேயே குற்றமற்றவராகி, குற்றவாளியாகி, மறுபடியும் குற்றமற்றவரானார். 2023 அக்டோபரில், தன்பால் இணையரின் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்குவது நாடாளுமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், “கல்யாணம் எப்பப்பா?” என்னும் அத்தைக்கு “பார்லிமெண்ட் முடிவு பண்ணணும் அத்தை” என்று இவர் தரும் விடையில் பொய் இல்லை; பிள்ளைக்கு அரசியல் ஆசை வந்துவிட்டதாக அத்தை புரிந்துகொள்வது அவர் உரிமை.

ஆற்றுப்படுத்தல் என்ற சொல்லுக்கு இன்று உளவள ஆலோசனை என்ற பொருளும் உண்டு. பிள்ளையை ‘மாற்றித் தரும்படி’ சில பெற்றோர் நாடுவது அதன் பெயரால் நடக்கும் போலி வைத்தியத்தையே. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருள் தமக்கு விளங்கவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் தாமே போய்க் கேட்டறிந்த பின்னர், 2021 ஜூன் 7 அன்று அந்த ‘மாற்றும்’ வைத்தியத்துக்குத் தடை விதித்தார். வாதிகளை விட்டுவிட்டு நீதிபதி தம்மையே ஆற்றுப்படுத்திக்கொண்ட வழக்கு இது. 2025 மே மாதத்தில் அதே உயர் நீதிமன்றம், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும் கூறியிருப்பதால், பனமலைக்காரரும் ரூம்மேட்டும் ‘ஃபேமிலி’ என்று வாதிட இடமுண்டு. அட்வான்ஸ் தொகையை முன்னிட்டு அவர்கள் அதை வீட்டுக்காரரிடம் இன்னும் எழுப்பவில்லை.

ஆண்டின் பெருநாள் ஜூனில் வரும் வானவில் பேரணி. சென்னையில் முதற்பேரணி 2009 ஜூன் 28 அன்று நடந்தது. தில்லித் தீர்ப்பு நான்கே நாளில் வந்தது. இந்திய நீதித்துறை இவ்வளவு விரைந்து பதில் சொன்னதாக எண்ணி மகிழ்ந்தவர்களுக்கு, வழக்கு 2001 முதலே நடந்தது என்பதை யாரும் நினைவூட்டவில்லை. முதலாண்டு முகமூடியோடு ஓரமாக நடப்பதும், அடுத்த ஆண்டு முகமூடியைக் கழற்றுவதும், அதற்கடுத்த ஆண்டு பறையடிக்கு ஆடத் தெரியாமல் ஆடுவதும் இங்கே இயல்பான வளர்ச்சி.

பரிசில் பெற்றவர் மீள வேண்டும் என்பது ஆற்றுப்படையின் இலக்கணம். பொங்கலுக்குக் கிளாம்பாக்கத்து நெரிசலில் இடம்பிடித்து, ரூம்மேட்டோடு பனமலைக்கு வந்து இறங்கும்போது திண்ணைகள் நிமிர்ந்து உட்காரும். தாய் மட்டும் ஒன்றும் கேளாமல் உள்ளறையில் இரண்டு பாய்களை விரிப்பார். புறப்படும் நாளில், மகனுக்குப் பிடிக்கும் என்று அவித்த பனங்கிழங்கை ஒரே கட்டாகக் கட்டி, “அந்தத் தம்பிக்கு நார் உரிக்கத் தெரியாது, நீயே உரிச்சுக் குடு” என்பார். பாளை விடும்வரை காத்திருந்து பார்க்கத் தெரிந்தவர் அவ்வூரில் ஒருவராவது இருந்திருக்கிறார் என்பது, பேருந்து திண்டிவனத்தைத் தாண்டிய பின்னரே பனமலைக்காரருக்கு விளங்கும்.