கூட்டில் யாருக்கு என்ன

அரசும் தனியாரும் கூட்டுச் சேர்ந்தால் நாடு முன்னேறும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள், ஏதோ நேற்று உதித்த யோசனைபோல. கோலார் தங்கவயல் இந்தக் கூட்டை 1902-லேயே ருசித்துவிட்டது. சிவசமுத்திரத்தில் மைசூர் அரசு காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்தது. கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து, தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்களுக்கு விற்றது. பெங்களூரிலேயே 1905-இல்தான் மின்விளக்கு எரிந்தது. காசு கொடுக்கும் வாடிக்கையாளர் முதலில், நகரம் அப்புறம். கணக்கில் பிழையில்லை.

பங்கு பிரித்ததும் சுத்தம். தங்கம் கப்பலேறியது, ராயல்டி கஜானாவுக்குப் போனது. வட ஆற்காட்டிலிருந்து வந்து மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கியவர்களுக்கு லைன் வீடும், நெஞ்சு நிறையச் சிலிக்கா தூசியும்.

1956-இல் அரசுடைமை. 2001 பிப்ரவரி 28-இல் பூட்டு.

மிச்சம், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேடு. அதில் இன்னும் தங்கம் இருக்கிறதாம். தனியாருக்கு ஏலம் விடலாம் என்று அவ்வப்போது பேச்சு கிளம்பும். காற்றடித்தால் மேடே வீட்டுக்குள் வந்துவிடும்.

காயவைத்த வடகத்தைத் தட்டிக்கொண்டே ஒரு பாட்டி கேட்டார்: “எங்க பரண்மேலயும் ரெண்டு கிலோ படிஞ்சிருக்குப்பா. அதுக்குத் தனி டெண்டரா, இல்ல சேத்தேவா?”